மூடாமல் விட்ட வரிசை

பிள்ளைகளே, அந்தச் சனிக்கிழமை எங்கள் வரிசையை மட்டும் ஏன் மூடாமல் விட்டேன் என்று நீங்கள் இரண்டு பேரும் காரில் வரும்போது கேட்டீர்கள். நான் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் சொல்லவில்லை. கதைத்து விளங்கப்படுத்த எனக்குச் சரியாக வராது. எழுதினால் கொஞ்சம் வரும். தமிழ் வாசிக்க உங்களுக்கு நேரம் எடுக்கும் என்று தெரியும். மெதுவாக வாசியுங்கள். விளங்காத இடத்தில் அம்மாவைக் கேளுங்கள்.

முதலில் தோட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பாபகூரா நகருக்கு அப்பால் நானும் பீஜி அங்கிளும் சேர்ந்து எடுத்த அந்தத் துண்டுக் காணி, போன வருடம் வரைக்கும் மாடு மேய்ந்த புல்வெளி. பீஜித் தீவிலிருந்து வந்த அங்கிள் லொறி ஓட்டுகிறவர், நான் மனுகாவில் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். இரண்டு பேரும் தோட்டக்காரர் இல்லை. பருவம் தொடங்குவதற்கு முன்பே குடும்பங்கள் காசு கட்டிப் பங்கு சேரும். பிறகு விளைகிறதைக் கிழமைக்கு ஒரு பெட்டி என்று எல்லாருக்கும் ஒரே அளவாகப் பிரித்துக் கொடுப்போம். விளைந்தால் எல்லாருக்கும் உண்டு, விளையாவிட்டால் ஒருவருக்கும் இல்லை. இதுதான் பேச்சு.

முட்டைக்கோவாவுக்கும் கரட்டுக்கும் ஒருவரும் எங்களிடம் பங்கு சேரவில்லை. அவை கடையில் மலிவு. நீளக் கத்தரிக்காய், உறைப்பான பச்சைமிளகாய், இந்த இரண்டுக்காகத்தான் சேர்ந்தார்கள். இங்கே நாற்றுக் கடையில் கிடைக்கிற கத்தரி உருண்டைக் கத்தரி, கறி வைத்தால் களியாகிவிடும். பீஜி அங்கிளின் மாமியார் தன் பின்வளவில் வருடா வருடம் காய் முற்றவிட்டு எடுத்து வைத்த விதை இருந்தது. அவ்வளவையும் வாங்கி எங்கள் கராஜில் தயிர் டப்பாக்களில் போட்டோம். குளிர் முழுவதும் மேலே விளக்கு எரிந்தது, கார் வெளியே மழையில் நின்றது. பள்ளிக்கூடம் போகுமுன் நீங்கள்தான் தண்ணீர் தெளித்தீர்கள். அந்த நாற்று போனால் மறுபடி போட விதை இல்லை. இருந்திருந்தாலும், திரும்பப் போட்டு அது காய்க்கும்போது அடுத்த குளிர் வந்துவிடும். காணிக்காரர் ஒரு பருவத்துக்குத்தான் தந்திருந்தார், பிறகு பார்ப்போம் என்று. முதல் வருடமே கத்தரிக்காய் இல்லாத பெட்டியைக் கொடுத்துவிட்டு, அடுத்த வருடமும் வாருங்கள் என்று யாரைக் கேட்பது?

இனி நட்ட நாளைப் பற்றி. பங்கு சேர்ந்தவர்கள் காணியில் கூடியபோது, பிளாட் புஷ்ஷில் இருக்கிற மதுரை அன்ரிதான் அந்த நாளைச் சொன்னார்.

“விஜயதசமி அன்னைக்கே நட்டுரலாம்ணா. அன்னைக்கு ஆரம்பிச்சது எதுவும் வீணாப் போகாது.”

“ஆமா பிரதர், குட் டே,” என்றார் பீஜி அங்கிள். “வேற நாள் எதுக்கு?”

விஜயதசமி இங்கே குளிர் விட்டும் விடாத வசந்தத் தொடக்கத்தில் வருகிறது, நான் மாதக் கடைசி வரைக்கும் பொறுக்க நினைத்திருந்தேன். முந்தின கிழமைதான் பக்கத்து மாட்டுத் தொட்டியில் கண்ணாடி போல மெல்லிய ஐஸ் பிடித்திருந்ததைக் கண்டிருந்தேன். ஆனால் அங்கே நின்றவர்களில் எங்கள் வீட்டார் மட்டும்தான் வேதக்காரர், கிறிஸ்தவர்கள். நான் வேண்டாம் என்றால், பனிக்காகச் சொல்கிறேன் என்று எடுப்பார்களா, தங்கள் நல்ல நாள் எனக்குப் பிடிக்கவில்லை என்று எடுப்பார்களா? இந்த யோசனையிலேயே “ஓம், நல்லது” என்றுவிட்டேன். உடைக்கத் தேங்காயும் நானே வாங்கிப் போனேன்.

அந்தப் பின்னேரம் உங்களுக்கு நினைவிருக்கும். எல்லாக் குடும்பமும் வந்தது. குடும்பத்துக்கு ஒரு வரிசை என்று பிரித்து, பிள்ளைகளே நடட்டும் என்று அம்மா சொன்னா. நல்ல யோசனை என்றுதான் எல்லாரும் சொன்னோம். நீங்கள் வாய்க்கால் பக்கம் பள்ளமான இடத்தைப் பிடித்தீர்கள். அங்கே மண் கறுப்பாக, மிருதுவாக இருந்தது. உங்களுக்குப் பக்கத்து வரிசை, மனுகாவிலிருந்து வருகிற மனுகாவ் குடும்பத்துடையது. தகப்பனும் தாயும் கைக்குழந்தையும், ஞாபகம் இருக்கும்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் தெற்கிலிருந்து குளிர்காற்றும் மழையும். சனிக்கிழமை மத்தியானம் காற்று சட்டென்று நின்றது. வானத்தில் பஞ்சளவு மேகம் இல்லை. வெயிலைக் கண்டு நீங்கள் துள்ளினீர்கள், மேகமும் காற்றும் இல்லாத இரவில்தான் பனி இறங்கும் என்று நான் பயந்தேன். காணிக்காரர் தன் நாலு சக்கர மோட்டார் சைக்கிளில் வந்து, இயந்திரத்தை நிறுத்தாமலே “இன்றைக்கு ஃப்ரொஸ்ட்” என்று சொல்லிவிட்டுப் போனார். போனைப் பார்த்தேன். அதுவும் அதையே சொன்னது. மன்னாரில் நான் அறிந்தது மார்கழிக் காலைப்பனி. அது இலையை நனைக்கும், எரிக்காது. இது உறைபனி, எரிக்கும்.

பனிக்கு மூடுகிற வெள்ளைத் துணி வாங்கப் பாபகூராவுக்கு ஓடினேன். கடையில் அந்தத் துணி வைக்கிற தட்டு காலி. என்னைப்போலப் போன் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். திரும்பி வந்தபோது அம்மா பங்கு சேர்ந்தவர்களின் குழுவுக்குப் போனில் குரல் பதிந்துகொண்டு நின்றா.

“பழைய பெட்ஷீட், சீலை, வேட்டி, என்ன கிடந்தாலும் தூக்கிக்கொண்டு வாங்கோ. நைலோன் வேண்டாம், பருத்தியாப் பாருங்கோ. இருட்ட முன்னம் வாங்கோ.”

பிறகு பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு கார் வந்தது, தாண்டிப் போனது. இன்னொன்றும் தாண்டிப் போனது. பங்கு சேர்ந்தவர்கள் பெட்டி வாங்க வருவார்கள், சனிக்கிழமைப் பின்னேரம் வீட்டுப் போர்வையைத் தூக்கிக்கொண்டு சேற்றுக்கு வருவார்களா என்று எனக்கு நம்பிக்கை இல்லை. முதலில் திரும்பி உள்ளே வந்தது மதுரை அன்ரியின் கார். பின் சீற்று முழுக்கச் சுங்குடிப் புடவை. பிறகு மற்றவர்கள் வந்தார்கள். எல்லாரும் இல்லை, பாதிக்குக் கொஞ்சம் மேலே.

கம்பியை வளைத்து மண்ணில் குத்தினோம், அதன் மேல் துணி, ஓரத்தில் கல். துணி இலையில் முட்டக்கூடாது, முட்டினால் அந்த இடம் கருகும். டைனோசர் படம் போட்ட போர்வை, ஆஸ்பத்திரி நீலத்தில் பெட்ஷீட், கரை வைத்த பட்டு வேட்டி என்று வரிசைகள் மூடப்பட்டன. வேட்டியை விரித்தபடி பீஜி அங்கிள் என் காதுக்குள் சொன்னார்.

“கல்யாண வேட்டி, பிரதர். வைஃப் கிட்ட சொல்லாத.”

“நான் இங்கதான் நிக்கிறேன்,” என்றா அவருடைய மனைவி, பின்னால் கல்லைத் தூக்கிக்கொண்டு.

எல்லாரும் சிரித்தார்கள். சூரியன் மரவேலிக்குப் பின்னால் இறங்கிவிட்டது, கையில் உணர்வு குறைந்தது. எங்கள் வரிசையை நீங்களே உங்கள் நட்சத்திரப் பெட்ஷீட்டால் மூடி முடித்திருந்தீர்கள். வரமுடியாது என்று சொன்னவர்களின் வரிசைகளையும் மூடியாயிற்று, மிஞ்சியது ஒரே ஒரு வரிசை. மனுகாவ் குடும்பத்துடையது. துணி தீர்ந்துவிட்டது. என் ஜாக்கெட்டையும் இரண்டு துவாயையும் போட்டுப் பார்த்தேன். கால்வாசிகூட மூடவில்லை.

“விடுங்கண்ணா,” என்றார் மதுரை அன்ரி. “நாலு தடவை போன் பண்ணியாச்சு, எடுக்கவே இல்ல. வராதவங்க வரிசைக்கு என்ன இவ்வளவு கவலை?”

“வேலையா இருக்கும் தங்கச்சி.”

“எங்களுக்கு மட்டும் வேலை இல்லையா? சாம்பாரை அடுப்புல பாதியில நிறுத்திட்டு வந்திருக்கேன்.”

“ஷீ இஸ் ரைட், பிரதர்,” என்றார் பீஜி அங்கிள். “வந்தவன் செடி பிழைக்கட்டும்.”

அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எனக்குள் ஓடியது வேறு. நாளைக்கு அந்த ஒரு வரிசை மட்டும் கருகிக் கிடந்தால் என்ன நடக்கும்? அவர்கள் கேட்பார்கள், எங்களுடையதை மட்டும் ஏன் விட்டீர்கள் என்று. அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் தன் வரிசைக்குக் காவல் நிற்பார்கள். என் வரிசையில் காய்த்தது என் பெட்டிக்கு என்பார்கள். எல்லாருக்கும் ஒரே அளவு என்று சொன்ன பேச்சு அன்றைக்கே முடிந்தது. செடி பிழைத்தாலும் தோட்டம் பிழைக்காது. வேறொருவர் மூடியதை உருவு என்று என்னால் சொல்லமுடியாது. என்னால் உருவக்கூடியது ஒன்றுதான் இருந்தது.

“இஞ்சேருங்கோ, இருட்டுது,” என்றா அம்மா. “என்ன செய்யிறதெண்டாலும் செய்யுங்கோ.”

நான் எங்கள் வரிசையிலிருந்து கற்களை எடுக்கத் தொடங்கினேன்.

“அப்பா! வாட் ஆர் யூ டூயிங்? தட்ஸ் அவர்ஸ்!” என்று மூத்தவர் கத்தினீர்கள். சின்னவர் பெட்ஷீட்டின் மூலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு “நாட் ஃபேர், நாட் ஃபேர்” என்று அழுதீர்கள். விளங்கப்படுத்த நேரம் இல்லை. இழுத்தேன். நினைத்ததைவிடக் கடுமையாக இழுத்துவிட்டேன், சின்னவர் சேற்றில் விழுந்துவிட்டீர்கள். பெட்ஷீட்டைத் தனியாக விரிக்க முடியாமல் நான் தடுமாறியபோது மதுரை அன்ரி வந்து மறுமுனையைப் பிடித்தார்.

“லூசுண்ணா நீங்க,” என்றார். ஆனால் கல்லை அவரே வைத்தார்.

அடுத்த நாள் விடிய நான் போனபோது பீஜி அங்கிள் எனக்கு முன்பே வந்து, லொறிக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இருந்தார். புல் முழுக்க வெள்ளை. காலை வைத்தால் நொறுங்கியது. சுங்குடிப் புடவைகள் அப்பளம்போல விறைத்து நின்றன. பனி இளகும்வரை துணியைத் தூக்கக்கூடாது. கிழக்கு மலைக்கு மேலே வெயில் வருவதற்காக இரண்டு பேரும் லொறிக்குள் காத்திருந்தோம். அவர் ரேடியோவைப் போட்டார், நிறுத்தினார், மறுபடி போட்டார்.

“அடுத்த வருஷம் நடுறதுக்கு வேற டே பாக்கலாம்,” என்றார் அவராகவே.

அடுத்த வருடம் என்ற சொல்லே எனக்கு அப்போது பெரிதாகப் பட்டது.

வெயில் பட்டு, துணியில் தண்ணீர் சொட்டத் தொடங்கியதும் முதல் புடவையைத் தூக்கினோம். பச்சை. அடுத்ததும் பச்சை. துணி சரிந்து முட்டிய இடங்களில் இலை ஓரம் கருகியிருந்தது, அவ்வளவுதான். பட்டு வேட்டிக்குள் மிளகாய்க் கன்றுகள் ஒன்றும் நடக்காததுபோல நின்றன. மனுகாவ் குடும்பத்தின் வரிசையும் பிழைத்தது. எங்களுடையது அவித்த கீரைபோலக் கறுத்து மண்ணோடு ஒட்டிக் கிடந்தது.

மனுகாவ் தாய் மத்தியானம் எனக்குப் போன் எடுத்தா. முதல் நாள் நெடுநேர வேலையாம், போன் வேலையிடத்துப் பூட்டுப் பெட்டிக்குள் இருந்ததாம். “செடியள் இருக்குதோ அண்ணை?” என்று கேட்டா. “ஓம், இருக்குது,” என்றேன். பெட்ஷீட் விசயத்தைச் சொல்லவில்லை. அவர்கள் கோடைக்குள்ளேயே பிரிஸ்பேனுக்குப் போய்விட்டார்கள், முதல் சில பெட்டிகளோடு சரி. மற்றவர்கள் போகவில்லை. கத்தரிக்காய் எந்த வரிசையில் பறித்தது என்று பெட்டி வாங்க வருகிறவர்கள் கேட்பதில்லை. மதுரை அன்ரி மட்டும் கேட்பார், தன் வரிசைக்காய்தான் ருசி என்று அடித்தும் சொல்லுவார். காணிக்காரர் இன்னொரு பருவம் தந்திருக்கிறார்.

உங்களிடம் கேட்டுவிட்டு உருவியிருக்கலாமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கேட்டிருந்தால் நீங்கள் வேண்டாம் என்றிருப்பீர்கள், அப்படியும் நான் உருவியிருப்பேன், அப்போது அது இன்னும் மோசமாக இருந்திருக்கும். அதனால்தான் கேட்கவில்லை. இது சரியான பதில் இல்லையென்றால் வந்து சொல்லுங்கள், நான் கேட்பேன்.

இதையும் எழுதிவிடுகிறேன். அந்த ஞாயிறு அம்மா உங்களைத் தேவாலயப் பூசைக்குக் கூட்டிப்போயிருந்தா. பீஜி அங்கிளும் வீட்டுக்குப் போனபிறகு நான் உங்கள் வரிசையில் முழங்காலில் இருந்தேன். முற்றாகச் செத்ததை மெதுவாகப் பிடுங்கி, நீங்கள் வந்தால் காணாதபடி வேலிக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டேன். மற்றவற்றின் தண்டை ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே பச்சை தெரிந்ததற்குக் கருகிய தலையைக் கிள்ளி எறிந்துவிட்டு, அடியில் மண்ணைக் கையால் அணைத்துவிட்டேன்.