ஆறு குண்டும் அப்படியே இருந்தன

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றதும் என் கணவர் லைசன்ஸ் எடுத்து ஒரு ரிவால்வர் வாங்கினார். புது மாதிரி பிஸ்டல்கள் மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. "அதுல குண்டு நடுவுல சிக்கிக்கும். இது வருஷக்கணக்கா பெட்டியில கெடந்தாலும் எடுத்து விசைய இழுத்தா வெடிக்கும். அவசரத்துல யோசிக்கவே வேணாம்" என்பார். விசை கொஞ்சம் கனம். தெரியாமல் கைபட்டு வெடிக்காது என்று அதையும் பெருமையாகத்தான் சொல்வார்.

தலைநகரில், சரோஜினி நகரில் மகளுக்குக் கிடைத்த அரசாங்க வீட்டில் மூவரும் இருந்தோம். அங்கே வந்த பிறகுதான் அவருக்குக் கை நடுக்கம் ஆரம்பித்தது. சட்டைப் பொத்தானைக்கூட நான் போட்டுவிட வேண்டும். ரிவால்வரைத் துடைக்க மட்டும் என்னை விடமாட்டார்.

ஒருநாள் பதினோரு மணி இருக்கும். மகள் ஆபீஸ் போயிருந்தாள். கேஸ் பைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று இந்தியில் சொல்லி இரண்டு பேர் மணி அடித்தார்கள். கழுத்தில் அட்டை தொங்கியது. திறந்துவிட்டேன். ஒருவன் கதவைத் தாழிட்டான். மற்றவன் என் தாலிச் சங்கிலியைப் பிடித்தான்.

நான் போட்ட கூச்சலில் அவர் ரிவால்வரோடு அறையிலிருந்து வந்தார். இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அதன் முனை அவர்களுக்கும் எனக்குமாக ஆடியது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். விசை பாதிகூடப் போகவில்லை.

"ஏங்க, வேணாங்க, என் மேல பட்டுடும்!"

சங்கிலியைப் பிடித்திருந்தவன் முதலில் பயந்துதான் போனான். பிறகு அவர் கையைப் பார்த்தான். "கீழே வைத்துவிடுங்கள் அங்கிள், அடிபட்டுவிடும்" என்று இந்தியில் தன்மையாகச் சொன்னான். அவன் அதட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. சங்கிலியை அறுத்துக்கொண்டு இரண்டு பேரும் படியிறங்கிப் போய்விட்டார்கள்.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் ரிவால்வரைத் திறந்து பார்த்தார். ஆறு குண்டும் அப்படியே இருந்தன. "அச்சீ சீஸ் ஹை" என்று துப்பாக்கியைப் பாராட்டிவிட்டு, ஏன் சுடவில்லை என்று கேட்டார். இவர் அதை வாங்கித் துணியால் துடைக்க ஆரம்பித்தார். சாயங்காலம் எனக்கு மஞ்சள் கயிறு கட்ட வந்தவரால் முடிச்சுப் போட முடியவில்லை. மகள்தான் போட்டுவிட்டாள்.

மறுநாள் குண்டுகளைக் கழற்றிவிட்டு என்னிடம் நீட்டினார். "நீ இழுத்துப் பாரு." ஒரு விரலால் எனக்கும் முடியவில்லை. இரண்டு விரலை நுழைத்து இழுத்ததும் 'டக்'கென்றது.

"பாத்தியா, அது மேல குத்தம் இல்ல" என்றார்.

அடுத்த வாரம் மகள் அவரை ஆட்டோவில் கூட்டிப்போய் ஸ்டேஷனில் அதை ஒப்படைக்க வைத்தாள். கையெழுத்துப் போட வெகுநேரம் பிடித்ததாம். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"இனிமே யாராவது வந்தா என்ன பண்றது?"

கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போடச் சொல்லலாம் என்றேன்.