வாங்கில் இருக்கக் கிடைத்த வரம்

என் மூத்த மகனைத் துறைமுகப் பக்கத்துப் பெரிய உதைபந்தாட்டக் கழகம் எடுக்க வேண்டும் என்று என் கணவர் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்திருந்தார். எழுபதுகளின் தொடக்கம் அது. அந்தக் கழகத்தில் சேர்வது எங்கள் ஊரில் அரசாங்க உத்தியோகம் கிடைத்த மாதிரி. பிள்ளையார் மனம் இரங்கினார். பதினேழு வயதில் மகனுக்கு ஜேர்சியும் காலுக்குச் சப்பாத்தும் கிடைத்தன. தேங்காயும் அடித்தோம். தெரு முழுக்கத் தேங்காய்ச் சம்பல்தான்.

அதன் பிறகு பிள்ளை ஆடவேயில்லை. மைதானத்து ஓரத்தில் மாற்று ஆட்டக்காரர் குந்துகிற ஒரு மர வாங்கு கிடக்கும். அதில் இருந்தான். ஒரு பருவம் முழுக்க இருந்தான், அடுத்த பருவமும் இருந்தான். ஆடுகிறவர்கள் எல்லாம் கலியாணம் கட்டி வயிறு வைத்த ஆண்கள். கால் சுளுக்கினாலும் நொண்டி நொண்டி ஆடுவார்களே தவிர இடம் விட மாட்டார்கள். இடைவேளையில் அவர்களுக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுப்பதுதான் என் பிள்ளையின் வேலை. அதைத் திறமாகச் செய்கிறான் என்று கழகச் செயலாளரே என்னிடம் மெச்சினார்.

கணவருக்குப் பெருமை குறையவில்லை. கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும், மகன் எந்தக் கழகம் என்று யாராவது கேட்கும்வரை கதையை இழுப்பார். எத்தனை கோல் போட்டான் என்று கேட்டால் மட்டும் மழையைப் பற்றிக் கதைப்பார்.

அப்போதுதான் சாம்பல்தீவிலிருந்து ஒரு சின்னக் குழுவின் தலைவன் சைக்கிளில் வந்தான். மீன்பிடிக்கிற, தோட்டம் செய்கிற பொடியன்களின் குழு. பாதிப் பேருக்குச் சப்பாத்து இல்லை. தங்களிடம் வந்தால் முழு ஆட்டமும் ஆடலாம் என்று சொல்லிவிட்டுப் போனான். மகன் அன்றைக்குச் சோற்றைத் தொடவில்லை.

"அம்மா, இன்னும் ஒரு வருசம் இப்பிடியே இருந்தா எனக்குப் பந்து அடிக்கிறதே மறந்திடும்."

கணவர் ஒப்பவில்லை. "நேர்த்தி வச்சுக் கிடைச்ச இடம். விட்டிட்டு வந்தா பிள்ளையாருக்கு என்ன மறுமொழி சொல்லுறது?"

எனக்கும் பயம்தான். சாமி காரியத்தில் நான் விளையாடுகிறவள் இல்லை. வெள்ளிக்கிழமை முழுகிவிட்டுக் கோயிலுக்குப் போய், பிள்ளையாருக்கு முன்னால் வெகு நேரம் நின்றேன். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, கழகம் எடுக்க வேணுமெண்டுதானே கேட்டனீங்கள்? ஆட விட வேணுமெண்டு கேக்கேல்லையே. கேட்டதை அவர் தந்திட்டார், நாங்களும் தேங்காய் அடிச்சிட்டம். அது முடிஞ்சுது. பிள்ளை ஓடி விளையாட வேணுமெண்டு இப்ப நான் மோதகம் நேர்ந்திட்டு வந்தனான்."

"நேர்ந்திட்டீரோ?"

"ஓம்."

எங்கள் வீட்டில் ஒரு நேர்த்தியை வெல்ல இன்னொரு நேர்த்தியால்தான் ஏலும்.

மகன் போனான். முதல் ஆட்டத்திலேயே நாலு கோலால் தோற்றார்கள். பெரிய கழகத்தை விட்டுவிட்டானாமே என்று தெருச் சனம் செத்த வீட்டுக்கு வருகிற மாதிரி வந்து துக்கம் விசாரித்தது. கணவர் ஆட்டம் பார்க்கப் போக மாட்டேன் என்று சத்தியமே பண்ணினார். ஆனால் ஆட்டமுள்ள நாளெல்லாம் வெங்காயம் வாங்கச் சாம்பல்தீவுக்குப் போனார். குசினி மூலையில் வெங்காயம் முளைத்துக் கிடந்தது. பிள்ளை இடக்காலாலும் அடிக்கப் பழகிவிட்டான் என்று, ஒருநாள் வெங்காயத்தைக் கொட்டியபடி அவராகவே சொன்னார்.

பிள்ளை நன்றாக ஆடுகிறான் என்று கேள்விப்பட்டு, பருவம் முடிய முன்னமே பெரிய கழகத்துச் செயலாளர் எங்கள் வீட்டுப் படி ஏறினார். நான் தேத்தண்ணி கொடுத்தேன்.

"எங்கட கையில வளர்ந்த பிள்ளை, அண்ணை. திருப்பி அனுப்புங்கோ."

"முழு ஆட்டமும் விடுவியளோ?" என்று கணவர் கேட்டார்.

"முதல்ல வந்து இருக்கட்டும். மூத்த ஆக்கள் இருக்கினம்தானே. பாப்பம்."

"சும்மா குந்தியிருக்கிறதெண்டா எங்கட வீட்டிலயே கதிரை கிடக்கு, தம்பி."

செயலாளர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு, பிள்ளையிடமே கேட்கிறேன், கூப்பிடுங்கோ என்றார். பிள்ளை எங்கே வீட்டில் நின்றான்? பின்னேர ஆட்டத்துக்கு எப்போதோ போய்விட்டான்.