ஜிம்மியின் படிவத்தில் எழுதாமல் விட்டது

அமெரிக்காவில், சன்னிவேலில் ஒரு விலங்குக் காப்பகத்தின் முன்மேசையில் எனக்கு வேலை. வளர்க்க முடியாமல் நாயையோ பூனையையோ ஒப்படைக்க வருகிறவர்களிடம் விவரம் கேட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். பிறகு அதற்கு நல்ல வீடாகத் தேடிக் கொடுப்போம். "கோயம்புத்தூர்ல எம்.காம். படிச்சுப்போட்டு அங்க போயி நாய்க்கு ஃபார்ம் எழுதறயா?" என்று என் அக்கா ஃபோனில் சிரிப்பாள். சிரிக்கட்டும். படிவம் தப்பானால் ஓர் உயிர் போகும் என்று அவளுக்கு எங்கே தெரியும்? எனக்கே ஜிம்மி என்ற நாய் வந்த பிறகுதான் தெரிந்தது.

2001. கம்பெனிகள் கூட்டம் கூட்டமாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பிய சமயம். ஒரு புதன்கிழமை சுரேஷ், வித்யா என்று ஒரு தம்பதி, எட்டு வயது மகள் அனுவோடு வந்தார்கள். சுரேஷுக்கு வேலை போய்விட்டது, அதோடு விசாவும். ஞாயிற்றுக்கிழமை சென்னைக்கு ஃப்ளைட். போய் இறங்கப்போவது அண்ணன் வீட்டில் ஒரே ஓர் அறையில். இங்கே தெரிந்தவர்கள் எல்லாரும் நாய் கூடாது என்கிற அபார்ட்மென்ட்களில் இருப்பவர்கள். அதனால் நான்கு வயது ஜிம்மி எங்களிடம் வந்தான்.

சுரேஷ் கையில் ஒரு ஃபைல். தடுப்பூசிச் சீட்டு ஒரிஜினல் ஒன்று, ஜெராக்ஸ் இரண்டு.

"கடிக்குங்களா?"

"நோ ஆன்ட்டி" என்றான் சுரேஷ்.

"சாப்பாட்டுல ஏதாச்சும் பழக்கம் இருக்குங்களா?"

"அது வந்து ஆன்ட்டி, அவனுக்கு..." என்று வித்யா ஆரம்பித்தாள். சுரேஷ் அவளை ஒரு பார்வை பார்த்தான். "டாக் ஃபுட்தான் ஆன்ட்டி. நார்மலா சாப்பிடும். நோ ப்ராப்ளம்."

அப்படியே எழுதிவிட்டேன். அந்தப் பெண் வாயைத் திறந்ததைப் பார்த்தும் கேட்காமல் விட்டது என் மடத்தனம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை ஜிம்மி ஒரு வாய் சாப்பிடவில்லை. உலர்ந்த தீனி, டப்பா தீனி, வேகவைத்த கோழி எல்லாம் கிண்ணத்தில் அப்படியே இருந்தன. உடம்பில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். சாப்பிடாத நாயை வெளியே கொடுக்கக்கூடாது என்பது விதி. திங்கட்கிழமை முடிவு செய்ய வேண்டும் என்றாள் என் மேலாளர் லிண்டா. என்ன முடிவு என்று நான் கேட்கவில்லை. ஊசி போட்டு முடித்துவிடுவார்கள் என்று தெரியும்.

ஒப்படைத்தவர்களை மறுபடி தொந்தரவு செய்யக்கூடாது என்பதும் விதிதான். லிண்டாவிடம் கெஞ்சினேன். ஒரே ஒரு ஃபோன், அவ்வளவுதான் என்றாள். சனிக்கிழமை காலையில் கூப்பிட்டேன்.

"எல்லாம் கரெக்டாதானே ஆன்ட்டி சொன்னேன்?" என்றான் சுரேஷ்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தம்பி, மூணு நாளா நாய் பட்டினி கெடக்குது. நெசத்தச் சொல்லுங்க."

"கான்சுலேட் விசா இன்டர்வியூ மாதிரி, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும்னு வித்யாகிட்ட சொல்லி வெச்சிருந்தேன் ஆன்ட்டி. தயிர் சாதம் ஊட்டுறோம்னு சொன்னா, ஒழுங்கா வளக்கலன்னு ஜிம்மிய ரிஜெக்ட் பண்ணிடுவாங்களோன்னு பயம்."

வித்யா ஃபோனைப் பிடுங்கி அழுதாள். "கிண்ணத்துல வெச்சா தொடவே மாட்டான் ஆன்ட்டி. பக்கத்துல உக்காந்து நாம ஒரு வாய் சாப்பிடணும், அப்புறம் அவனுக்கு ஒரு வாய். அப்படியே பழக்கிட்டோம்."

பின்னாலிருந்து அனு கத்தினாள்: "ஹி கான்ட் ஈட் அலோன், ஆன்ட்டி!"

என் டிபன் டப்பாவிலும் அன்று தயிர் சாதம்தான். ஊறுகாயை ஒதுக்கிவிட்டு ஜிம்மியின் கூண்டுக்குள் சிமென்ட் தரையில் உட்கார்ந்தேன். நான் ஒரு வாய் சாப்பிட்டேன். ஜிம்மி என் வாயையே பார்த்தான். ஓர் உருண்டையை நீட்டினேன். லபக்கென்று வாங்கிக்கொண்டான். டப்பா காலியாகி, அவன் என் கையை நக்கி முடித்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

கூண்டில் மாட்டும் அட்டையை மாற்றி எழுதினேன்: 'தனியாகச் சாப்பிட மாட்டான். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆள் வேண்டும்.' குறையை இப்படித் தண்டோரா போட்டால் யார் எடுப்பார்கள் என்றாள் லிண்டா. அவள் சொன்னபடியே இரண்டு குடும்பங்கள் படித்துவிட்டு நகர்ந்தன.

மத்தியானத்துக்குமேல் ஓர் அமெரிக்கப் பெரியவர் வந்தார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறி ஒரு வருடம். அட்டையை இரண்டு தடவை படித்தார். "என்னையும் டாக்டர் இதற்குத்தான் திட்டுகிறார்" என்றார் ஆங்கிலத்தில்.

லிண்டா என்னை வீட்டுக்கு ஓடிப்போய்ச் சாதம் வடித்துக் கொண்டுவரச் சொன்னாள். பெரியவருக்கு முழங்கால் மடங்காது, முக்காலி போட்டோம். முதல் வாய் தயிர் சாதத்துக்கு அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஆனாலும் விழுங்கினார். ஜிம்மி அதுவரை காத்திருந்து, அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். இரண்டாவது வாயை அவர் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்.

பெரியவர் ஜிம்மியைக் கூட்டிப்போனதைச் சொல்ல, அன்று சாயங்காலமே லிண்டாவிடம் கேட்காமல் வித்யாவுக்கு இன்னொரு ஃபோன் போட்டேன்.

"நல்லவரா ஆன்ட்டி?"

"ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டுத்தானுங்க கெளம்புனாங்க" என்றேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நம் ஆட்கள் ஃபைலோடு வந்து "நோ ப்ராப்ளம்" என்றால், பேனாவை மூடி வைத்துவிடுங்கள். "இது விசா ஆபீஸ் இல்லீங்க. வீட்டுல அவன் என்ன லூட்டி அடிப்பான், அத மொதல்ல சொல்லுங்க" என்று கேளுங்கள். அந்தப் பெரியவர் ஜிம்மியை எடுத்தது நான் முதலில் எழுதாமல் விட்ட அந்த ஒரு வரிக்காகத்தான்.