வயலில் நடந்த தகரக் கூரை

பயிர் நிலத்தை ஒட்டி ஆலைக் கழிவைக் கொட்டக் கூடாது; கொட்டினால், புகார் வந்த எட்டாம் நாளுக்குள் அள்ளிவிட வேண்டும். விதி இவ்வளவு தெளிவாக இருந்ததால் யாரும் அதைப் படிக்கவில்லை. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் வில்லியனூர் மேரியில், அதாவது கொம்யூன் ஊராட்சி அலுவலகத்தில், குமாஸ்தாவாக இருந்த நான் மட்டும் படித்தேன். அதற்குத்தான் சம்பளம்.

ஊரோரச் சாயப்பட்டறை தன் கழிவுச் சேற்றை ஒரு குடியானவரின் ஒரே காணிக்குப் பக்கத்தில் கொட்டிவந்தது. ஐப்பசி மழையில் அது வயலுக்குள் இறங்கியது. சம்பாப் பயிர் துரு நிறமாகிக் குறுகி நின்றது. அது போனால் அவர் குடும்பத்துக்கு அந்த வருஷச் சோறு போயிற்று. புகாரை வாங்கி, முத்திரை குத்தி, பட்டணத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, முறைப்படி வயலைப் பார்க்கப் போனேன்.

வயல் நடுவே நான்கு கம்பு நட்டு, துத்தநாகம் பூசிய தகரம் போட்ட காவல் கொட்டகை. அதன் கூரைத் தண்ணீர் வடிந்த இடத்தைச் சுற்றி மட்டும் பயிர் பச்சைப்பசேலென்று இருந்தது.

"நிழல்தான் காரணம்," என்று தீர்ப்புச் சொன்னேன்.

"அப்போ கொட்டாயத் தூக்கினு போய் எல்லாப் பயிருக்கும் நெழல் காட்டுய்யா," என்று குடியானவரின் மனைவி அவரைக் கிண்டல் செய்தாள்.

மனுஷன் மெய்யாகவே அப்படிச் செய்தார். ஒவ்வொரு மழைக்கும் நான்கு பேர் கூரையைத் தூக்கி வேறிடத்தில் நட்டார்கள்.

"இன்னாபா, தேரு வைகாசியில தானே? இப்பவே கெளப்பிட்ட!" என்றார் பக்கத்து வயல்காரர்.

"வாயி பேசாம வந்து தோள் குடுடா!" என்றார் குடியானவர்.

கட்டடத்தை இடம் மாற்ற அனுமதி வேண்டும். நடப்பது கட்டடமாகாது என்று குறிப்பெழுதி விட்டுவிட்டேன்.

தையில் பாதி வயல் தேறியது. வீட்டுச் சோற்றுக்குப் போதும். "நெழல் நல்லா வெளைஞ்சிருக்குது, அய்யா," என்றாள் அந்த அம்மாள்.

ஓய்வு பெற்ற பிறகுதான் உண்மையைப் படித்தேன். நெல்லுக்குத் துளி துத்தநாகம் வேண்டும். பட்டறைச் சேற்றில் சாயம் கரைக்கப் போட்ட துத்தநாகப் பொடியும் இருந்தது, சுண்ணாம்பும் இருந்தது. சுண்ணாம்பு அதை வேருக்கு எட்டவிடவில்லை. எங்கள் அலுவலகத்திலும் கையெழுத்தில்லாமல் கிடங்கை விட்டுச் சரக்கு வெளியே வராது. எனக்குப் பழக்கமான சங்கதிதான். பயிருக்கு அதைக் கொடுத்தது நிழலல்ல, தகரத்தின் துத்தநாகப் பூச்சைத் துளித்துளியாகக் கரைத்து வடிந்த மழைத்தண்ணீர்.

நோய்ப்பட்ட பயிரில் ஒரு பிடியைப் பச்சையாகவே பிடுங்கி அனுப்பும்படி பட்டணத்திலிருந்து பதில் வந்தபோது, அதன் வைக்கோலையும் மாடு தின்று முடித்திருந்தது. அன்று எல்லா அலுவலகங்களுக்கும் விடுமுறை: பிரெஞ்சுக்காரரின் தேசிய நாள், ஜூலை பதினான்கு.