இருபத்தேழு நாள் வருகை

எட்டாம் வகுப்பு 'பி' பிரிவின் வகுப்பாசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மைக் டீச்சர். அவர் கீழே கணக்கு நடத்தினால் மாடியில் இருக்கிற வகுப்பும் சேர்ந்து பாஸாகிவிடும் என்று ஆசிரியர் அறையில் கிண்டலடிப்பார்கள். சும்மா சொல்லக்கூடாது, இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தொண்டையை வைத்துத்தான் வண்டி ஓடுகிறது. நாற்பது பேர் உட்காரும் அறையில் ஐம்பத்து மூன்று பேர். கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டாமா?

பாடம் நடத்துவது மட்டும்தான் வேலை என்றால் அவர் மகாராணி மாதிரி இருப்பார். எங்கே விட்டார்கள்! பிள்ளைகளின் உயரம், எடை, ரத்தவகை என்று அத்தனையையும் கைபேசியில் ஏற்ற வேண்டும். தொண்ணூறு சதவீதம் ஏறி நின்றுவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. லீவு போட்ட ஆசிரியரின் வகுப்பும் இவர் தலையில். வீட்டுக்குப் போனால் நோட்டுக் கட்டு. "நான் ஒருத்தன் இருக்கேன், ஞாபகம் இருக்கா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். "இருங்க, இந்தக் கட்டு முடியட்டும்" என்பார் டீச்சர்.

போன வருஷம் வருகை நாள் குறைந்துபோனதால் ஒரு மாணவியைப் பரீட்சை எழுத விடவில்லை. அவள் ஹால் வாசலில் நின்று தேம்பித் தேம்பி அழுதது டீச்சரின் காதை விட்டுப் போகவே இல்லை. இனி என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் இந்தக் கதி வரவிடமாட்டேன் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

அதனால்தான், இந்த வருஷம் ஜன்னலோரத்துப் பெண் வராமல் போனபோது அவர் யோசிக்கவே இல்லை. அவளுடைய அம்மாவுக்கு ஆபரேஷன் என்று பக்கத்தில் உட்காருகிறவள் சொன்னாள். பாவம், ஒரு வாரத்தில் வந்துவிடும் பிள்ளை. வருகைப் பதிவேட்டில் வந்ததாகவே குறித்தார். இரண்டாவது வாரமும் குறித்தார். கை நடுங்கவில்லை. நல்லது செய்வதாக நினைக்கிற கை எதற்கு நடுங்கப் போகிறது?

சனிக்கிழமை ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் இருந்தார். முதல் சனிக்கிழமை பயிற்சி வகுப்பு என்று கூப்பிட்டுவிட்டார்கள். அடுத்தது விடைத்தாளோடு போயிற்று. அதற்கடுத்தது காய்ச்சல். அதற்கப்புறம், உள்ளதைச் சொன்னால், மறந்தேபோனார். கை மட்டும் மறக்காமல் தினமும் குறித்துக்கொண்டிருந்தது.

ஆறாவது வாரம் செவ்வாய்க்கிழமை வருகை அலுவலர் ஹெல்மெட்டும் கையுமாக வந்து சேர்ந்தார். தொடர்ந்து வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்ப் பேசிக் கூட்டிவருவது அவர் வேலை. ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும், பதிவேடுகளைப் பார்த்து எடுத்த பட்டியலைத் தூக்கிக் காட்டினார்.

"எட்டு 'பி'யில இருந்து இந்த வருஷம் ஒரு பேர்கூட இல்ல. எல்லாரும் டீச்சரைப் பாத்துக் கத்துக்கணும்!"

தலைமை ஆசிரியர் கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். டீச்சர் கையிலிருந்த டீயை மேஜையில் வைத்தார்.

"எத்தனை நாள் வரலன்னா நீங்க வீட்டுக்குப் போவீங்க சார்?" என்று கேட்டார். தெரியாததா என்ன? பதில் தெரிந்த கேள்விதான்.

"பத்து நாள். பதினொண்ணாம் நாள் நான் வாசல்ல நிப்பேன். சில அப்பாமாருங்க டீச்சர் சொன்னா தலையாட்டுவாங்க, அவ்ளோதான். முத்திரை போட்ட காகிதத்தை நீட்டினாதான் வழிக்கு வருவாங்க."

சாயங்காலம் மணி அடித்ததும் டீச்சர் நோட்டுக் கட்டை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினார்.

வெல்டிங் பட்டறைக்கு மேலே, குறுகலான படி ஏறினால் வீடு. கூடம் முழுக்க மடிக்காத அட்டை. ஜன்னலோரத்துப் பெண் தரையில் உட்கார்ந்து செருப்புக் கம்பெனிக்குப் பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் பிளாஸ்திரி. ஆபரேஷன் ஆன அம்மா நன்றாகவே எழுந்து நடமாடிக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சரம்மா," என்று அப்பா மரியாதையாகத்தான் நாற்காலி போட்டார். "ஸ்கூல்ல இருந்து ஒருத்தரும் வரல. சரி, எட்டாவது வரைக்கும் படிச்சதே போதும் போலன்னு விட்டுட்டோம்."

"நாளையில இருந்து அனுப்பிடுங்க."

"பாக்கலாம் டீச்சரம்மா."

அந்தப் 'பாக்கலாம்' எந்த ஜாதிப் பாக்கலாம் என்று இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்காரிக்குத் தெரியாதா?

வழியனுப்பும் சாக்கில் அந்தப் பெண் படியில் பின்னாலேயே இறங்கி வந்தாள். பட்டறைச் சத்தத்தில் டீச்சர் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"பத்து நாள் வரலன்னா ஆபீசர் வீட்டுக்கே வருவாருன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க? நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். பதினொண்ணாம் நாள் காலையில யூனிஃபார்ம் போட்டு, தலை பின்னி உக்காந்திருந்தேன். யாரும் வரல. சாயங்காலம் கழட்டி வெச்சிட்டேன்."

டீச்சர் நினைத்தால் பொய் சொல்லித் தப்பித்துவிடலாம். அவள் நம்பவும் செய்வாள். அதுதான் தாங்கவில்லை.

"நான்தான்மா காரணம். பரீட்சைக்கு நாள் குறையக் கூடாதுன்னு, தினமும் நீ வந்ததா எழுதிட்டேன்."

அவள் இன்னொரு படி கீழே இறங்கி வந்தாள். "அப்ப நான் தினமும் கிளாஸ்லதான் இருந்தேனா டீச்சர்?"

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நாளைக்கே உண்மையைச் சொல்லிடறேன். ஆனா சொன்னா, இந்த வருஷப் பரீட்சை உனக்குப் போனாலும் போயிடும்."

"பரீட்சைய அடுத்த வருஷம் எழுதிக்கறேன். அந்த ஆபீசரை வரச் சொல்லுங்க டீச்சர்."

மறுநாள் காலை மணி அடிக்குமுன்பே பதிவேட்டைத் தலைமை ஆசிரியரின் மேஜையில் விரித்து, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். மனிதர் எழுந்துபோய் முதலில் கதவைச் சாத்தினார்.

"நேத்துதானே கைதட்டினோம்! இதைத் திருத்தினா உங்களுக்கு மெமோ, எனக்கு விசாரணை. அந்தப் பொண்ணுக்கும் நாள் பத்தாது. நல்லதுக்குத்தானே செஞ்சீங்க, கண்டுக்காம விடுங்க. நான் அவங்கப்பாகிட்ட போன்ல பேசறேன்."

"பேசினா, 'பாக்கலாம் சார்'னுவாரு." மாடிவரை கேட்கிற அந்தக் குரல் மேஜையைத் தாண்டவில்லை. "வர இருந்த ஆளை நானே தடுத்து வெச்சிருக்கேன் சார். உங்களுக்கு விசாரணை வந்தா, தப்பு முழுக்க என்னோடதுன்னு எழுதிக் குடுக்கறேன். அந்த ஆபீசரை அனுப்புங்க."

தலைமை ஆசிரியர் பெருமூச்சு விட்டு அலுவலருக்குப் போன் போட்டார். மத்தியானமே போவதாகச் சொன்னாராம். பிறகு பேனாவைத் திறந்தார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அவர் கையெழுத்து வேண்டும். டீச்சர் ஒரு கட்டத்தை அடித்து 'வரவில்லை' என்று எழுத, அவர் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். இப்படியே பத்து நாள் முடிந்தது.

அடுத்த கட்டத்தில் டீச்சரின் பேனா நின்றுவிட்டது.

"என்ன டீச்சர்? இன்னும் பதினேழு இருக்கே."

"இந்த நாள்தான் சார்," என்றார் டீச்சர், "தலை பின்னிக்கிட்டு உக்காந்திருந்தா."