மீட்டரின் டம்ளர்

சித்தப்பா தையல்காரர். மூன்று மெஷின், ஒரு கட்டிங் டேபிள், ஒரே ஒரு ஜன்னல் உள்ள அறையில் இருபது வருடமாகத் தைக்கிறார். அந்த ஜன்னல் திறந்து நான் பார்த்ததே இல்லை. காற்று வந்தால், வெட்டுவதற்கு விரித்த அளவுக் காகிதம் பறக்குமாம்.

துணி வெட்டுபவரை எல்லோரும் மீட்டர் என்பார்கள். டேப் இல்லாமல் கண்ணாலேயே அளந்துவிடுவார். நான்கு மாதம் இருமிக்கொண்டே வெட்டினார். காசநோய் என்று தெரிந்து அவர் விடுப்பில் போனதும், சித்தப்பா முதல் வேலையாக அவருடைய டம்ளரைத் தனியே எடுத்து வைத்தார். அடுத்து, மீட்டரின் கத்தரியைக் கொதிக்கிற நீரில் போட்டார். கத்தரி துருப்பிடித்தது. ஜன்னல் மூடியே இருந்தது.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அதனால் மீட்டரோடு வேலை பார்த்தவர்களுக்கென்று சுகாதார நிலைய நர்ஸ் தந்த நோட்டீஸைப் படித்துக் காட்டுவதும் என் தலையில்தான். இது டம்ளரில் ஒட்டாது, காற்றில் பரவும் என்றேன். கிருமி புகுந்த எல்லோருக்கும் நோய் வராது, ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம், வராமல் தடுக்க மாத்திரை இருக்கிறது, பரிசோதனைக்குப் போங்கள் என்றேன். சித்தப்பாவுக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, தனக்கு இருமலே இல்லையே என்றார். அப்புறம், சீருடை ஆர்டர் முடியட்டும் என்றார். மூன்று வாரம் இதே பாட்டு. ஒரு நாள் கத்திவிட்டேன்.

அவர் மெஷினை நிறுத்தினார்.

"நீ போயிட்டு வந்தியாம்மா?"

"நானா? நான் எதுக்கு?"

"வேலை தேடுறேன்னு சொல்லிக்கிட்டு ரெண்டு மாசம் இதே ரூம்லதானே உக்காந்து பட்டன் தச்ச? மீட்டர் இருமுனப்ப காத்து உன்னை மட்டும் விட்டுட்டுப் போச்சா?"

இன்டர்வியூ இருக்கிறது என்று சொல்ல வந்து, விழுங்கினேன். அவருடைய சீருடைக்கும் என் இன்டர்வியூவுக்கும் என்ன வித்தியாசம்? நோட்டீஸ் முழுவதையும் அடுத்தவருக்காகவே படித்திருக்கிறேன். இதற்கா இத்தனை வருடம் படித்தேன்?

மறுநாள் காலை இருவரும் சுகாதார நிலையத்துக்குப் போனோம். காத்திருக்கும் அறையில் நாற்பது பேர். ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. கேட்டால், காற்றில் டோக்கன் சீட்டெல்லாம் பறக்கிறது என்றார் ஊழியர்.

சித்தப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து நூல் வெட்டும் குட்டிக் கத்தரியை எடுத்துச் சீட்டுகளின் மேல் வைத்தார்.

"இப்பப் பறக்காது. தொறப்பா."

இந்த யோசனை இருபது வருடம் எங்கே போயிருந்தது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். சித்தப்பா என்னை முன்னால் தள்ளிவிட்டார்.