சாரம் அவிழ்க்கும் நேரம்

ஒரகடத்தில் கார் இருக்கைகளுக்கான இரும்புச் சட்டங்கள் செய்யும் ஆலையொன்றில், மனிதவளப் பிரிவின் உதவியாளராகப் பணியாற்றுகிறார் சுபஸ்ரீ. சொந்த ஊர் சேரப்பணஞ்சேரி. வருகைப் பதிவும் கேன்டீன் கூப்பனும் அவருடைய அன்றாட அலுவல்கள். அவற்றினிடையே, மாதந்தோறும் 'நம் ஆலை' என்னும் நான்கு பக்கச் செய்திமடலைத் தயாரிக்கும் பொறுப்பும் அவரிடம் வந்து சேர்ந்தது. செய்தி திரட்டுவது, எழுதுவது, பக்கம் அமைப்பது, அச்சகத்துக்கு அனுப்புவது அனைத்தும் அவரே. அலுவலகத்தில் அவர் மனம் ஒன்றிச் செய்த வேலை அது ஒன்றுதான்.

ஆனால் அதைப் படிப்பவர்தாம் இல்லை. முதற்பக்கத்தில் மேலாளர் கோதண்டராமன் குத்துவிளக்கேற்றும் படம் இருக்கும். உள்ளே தலைமையகத்தின் வாழ்த்துரையும் தர விருதுகளும். காலையில் கம்பெனி பஸ்ஸின் இருக்கைதோறும் வைக்கப்படும் மடல், மாலைக்குள் பரோட்டாப் பொட்டலத்தின் அடியிலோ, கண்ணாடி துடைத்த கசங்கலாகவோ தரையில் கிடக்கும். அதைக் கண்ணால் கண்ட கோதண்டராமன் சுபஸ்ரீயை அழைத்தார்.

"இந்த மாசமும் இப்படியே கெடந்தா நிறுத்திடலாம்மா. வாட்ஸ்அப்புல ஒரு மெசேஜ் போட்டா வேலை முடிஞ்சுது. நீ கூப்பனை மட்டும் பாத்துக்கோ, போதும்."

அந்த மாத இதழைச் சுபஸ்ரீ வேறு வகையில் அமைத்தார். வாழ்த்துரையைச் சுருக்கினார், பஸ் நேர மாற்றம், கேன்டீனில் இட்லி தீர்ந்துபோவது குறித்த புகாருக்கு ஒப்பந்ததாரரின் பதில் முதலியவற்றை முதற்பக்கத்துக்குக் கொண்டுவந்தார். பெயின்ட் பிரிவின் கூரையைப் பழுதுபார்க்கும் பணி தொடங்கவிருந்ததால், அதற்கும் ஓர் எச்சரிக்கை எழுதினார்:

'சாரத்தின் அடியில் எவரும் நிற்க வேண்டாம். சாரம் அவிழ்க்கும் நேரத்தில் அனைவரும் விலகி நிற்கவும்.'

கட்டட வேலைக்காகச் சவுக்குக் கட்டைகளைக் கயிற்றால் பிணைத்து நிறுத்தும் அமைப்பைச் சாரம் என்பது அவர் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த வழக்கு. அச்சொல்லைக் குறித்து ஐயுற அவருக்குக் காரணமே இல்லை.

மடல் வந்த நாள் காலையில், பஸ்ஸின் பின்னிருக்கைகளில் சிரிப்பு வெடித்தது. வெல்டிங் பிரிவின் மாசானமும் வேல்ராஜும் நாங்குநேரிப் பக்கத்து இளைஞர்கள். தண்டலத்தில் ஒரே அறையில் தங்கியிருப்பவர்கள்.

"ஏல வேல்ராஜு, இத வாசிச்சியா? சாரம் அவுக்கும்போது எல்லாரும் வெலகி நிக்கணுமாம்ல."

"யாருல அவுக்கப் போறா?"

"அத மட்டும் போடல. சூப்பர்வைசரா இருக்கும்."

"அப்ப நான் அன்னிக்கு லீவுல."

பஸ் முழுவதும் மடல்கள் பிரிந்தன. ஓட்டுநர் டில்லிபாபு கண்ணாடி வழியே சுபஸ்ரீயைப் பார்த்தார். "இன்னாம்மா எழுதிக்கீற? வண்டியே ஆடுது."

தம் எழுத்தை ஏளனம் செய்கிறார்கள் என்றெண்ணி முகம் சிவந்திருந்த சுபஸ்ரீ, எழுந்து சென்று நேராகவே கேட்டார். "இதுல சிரிக்கிறதுக்கு இன்னா இருக்கு?"

மாசானம் மடலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். "தப்பா நெனைக்காதிய மேடம். நீங்க கைலி, லுங்கின்னு சொல்லுவியல்லா? எங்கூர்ல அதுக்குப் பேருதான் சாரம்."

சுபஸ்ரீ எச்சரிக்கையை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அதன் பின்னர் சிரிப்பை அடக்க அவராலும் இயலவில்லை.

கோதண்டராமன் சிரிக்கவில்லை. பாதுகாப்பு அறிவிப்பு கேலிப் பொருளாகிவிட்டது என்று வருந்தினார். "ஒண்ணு விடாம திரும்ப வாங்கிடு. இதோட இந்த வேலையே வேணாம்."

மாலையில் சுபஸ்ரீ பஸ் பஸ்ஸாக ஏறி மடலைத் திருப்பிக் கேட்டார். தரையில் ஒன்றும் கிடக்கவில்லை. ஒருவர், ஊரிலுள்ள மைத்துனருக்குக் காட்ட வேண்டும் என்றார். மற்றொருவர், பஸ் நேரம் அதில்தான் இருக்கிறது என்றார். பெண்கள் விடுதியில் தங்கியிருந்த தொழிலாளி மாரிசெல்வி, "அறையில கதவுல ஒட்டியாச்சு மேடம், கிழிச்சா வார்டன் ஏசுவா" என்று கையை விரித்தாள்.

திரும்பி வந்தவை மிகச் சிலவே. அவற்றை மேலாளரின் மேசைமேல் வைத்தார் சுபஸ்ரீ.

"மிச்சம் எங்கம்மா?"

"தர மாட்றாங்க சார்."

"போன மாசத்துது பஸ்ஸுல குப்பையா கெடந்துதே."

"ஆமா சார். இத பைக்குள்ள வெச்சிக்கினு தர மாட்டேங்கறாங்க."

கோதண்டராமன் அந்த மெல்லிய அடுக்கை எடுத்துப் புரட்டினார். எச்சரிக்கை இருந்த இடத்தில் அவர் மீசை இலேசாக அசைந்தது. "பெயின்ட் பிரிவுல யாராச்சும் கட்டைக்கு அடியில நிக்கறாங்களா?"

"ஒருத்தரும் நிக்கல சார். கிட்டப் போறவனையே, அவுக்கப் போறாங்கன்னு சொல்லித் தொரத்துறாங்க."

"வேல நடக்குதுல்ல, அப்புறம் என்ன. அடுத்த மாசத்துக்கு மேட்டர் பாரு. ஒரு திருத்தமும் போட்டுடு."

மறுமாத இதழ் அச்சுக்குச் செல்லும் முன், அதன் படியை டில்லிபாபுவிடமும் மாசானத்திடமும் படிக்கக் கொடுத்தார் சுபஸ்ரீ. அன்று முதல் எந்த இதழும் வட மாவட்ட வாய் ஒன்றும் தென் மாவட்ட வாய் ஒன்றும் படித்துப் பார்க்காமல் அச்சேறுவதில்லை. மாசானம் படியைத் திருப்பித் தரும்போது, அதனுடன் மடித்த தாளொன்றையும் நீட்டினான். தண்டலம் நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்க ஒரு கூரை வேண்டும் என்று அதில் எழுதியிருந்தான்.

"இதயும் போடுவியளா மேடம்?"

"மொதல் பக்கத்துல போடறேன்" என்றார் சுபஸ்ரீ.